வழியிலேயே உடன்பாடு: பிரிந்து வாழும் பெற்றோருக்குக் கட்டணமில்லாச் சமரசம்



மலைப்பொழிவில் ஆண்டவர் சொல்லும் ஓர் அறிவுரையை நாம் பெரும்பாலும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். நம்மேல் வழக்குத் தொடுத்தவரோடு, நீதிமன்றத்துக்குப் போகிற வழியிலேயே உடன்பாடு செய்துகொள்ளுமாறு அவர் சொல்கிறார் (மத் 5:25-26). தவறினால் கடைசிக் காசுவரை கட்டித் தீர்க்க வேண்டிவரும் என்றும் எச்சரிக்கிறார். பணத்தைப் பற்றிப் பேச ஆண்டவர் இங்கே தயங்கவில்லை. வழக்கு என்றால் செலவு என்பது கலிலேயா மீனவருக்கும் தெரிந்திருந்தது; காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிற நமக்கும் தெரியும்.

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்கிற குடும்பங்கள் நம் பங்குகளில் இருக்கின்றன. இதை மறைப்பதில் பயனில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூரிலும் வேலை தேடி வந்த குடும்பங்களுக்கு மாமியார் வீடு, தாய் வீடு, ஊர்ப் பெரியவர் எல்லாம் பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால். கணவருக்கு இரவு ஷிப்ட், மனைவிக்கு அதிகாலையில் கம்பெனி வேன். மதுவும் கடனும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். அப்படிப் பிரிந்தவர்களில் பலர் எந்த ஏற்பாடும் செய்துகொள்ளாமலேயே பிரிகிறார்கள். பிள்ளை யாரிடம், பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, வீட்டு முன்பணம் யாருக்கு, அடகில் இருக்கும் நகையை மீட்பது யார் என்று எதுவும் பேசப்படுவதில்லை. ஏன் பேசவில்லை என்று கேட்டால் வருகிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை சாமி."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைக்குக் காசு வேண்டியதில்லை என்பதை நம் மக்களில் பெரும்பாலோர் அறியவில்லை.

முதலில் சமரசம் என்ற சொல்லைப் பற்றி. நீதிமன்ற வளாகத்தில் 'சமரச மையம்' என்ற பலகையைப் பார்த்ததும், "சேர்த்து வைத்துவிடுவார்கள், அடிபட்ட வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று நம் பெண்கள் பயப்படுகிறார்கள். நம் பேச்சுவழக்கில் சமரசம் என்றால் விட்டுக்கொடுத்துச் சேர்ந்துகொள்வது என்றுதானே பொருள்! ஆனால் சமரச மையத்தில் நடப்பது அதுவல்ல. பயிற்சி பெற்ற ஒருவர் சமரசராக நடுவில் அமர்வார். இருவரையும் ஒன்றாகவும், தேவைப்பட்டால் தனித்தனியாகவும் பேசவைப்பார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. மீண்டும் சேர்ந்து வாழ விருப்பமிருந்தால் அதற்கு வழி பார்ப்பார். இல்லையென்றால் பிள்ளைகளுக்கு ஊறு நேராமல் எப்படிப் பிரிந்து வாழ்வது என்று எழுத்தில் கொண்டுவர உதவுவார். இருவரும் மனமொத்துக் கையெழுத்திட்டால்தான் அது உடன்பாடு. ஒருவர் மறுத்தாலும் உடன்பாடில்லை, வழக்கு நீதிபதியிடமே திரும்பிப் போகும். அங்கே பேசியது வெளியே வராது. உடன்பாடு ஏற்பட்டது அல்லது ஏற்படவில்லை என்பதை மட்டும் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தால் போதும் என்று உச்சநீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் தெளிவாக்கியிருக்கிறது.

இந்த முறை வளர்ந்ததில் தமிழகத்துக்குத் தனிப் பங்கு உண்டு. வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்யும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் நம் சேலம் வழக்கறிஞர்கள். அந்த வழக்கில்தான் 2005-இல் உச்சநீதிமன்றம் சமரசத்துக்கான நெறிமுறைகளுக்கு வழி வகுத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களில் இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. பின்னர் மாவட்டங்களுக்கும் அது பரவியது. குடும்ப வழக்குகளில் சமரச முயற்சி அவசியம் என்று 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டமே 9-ஆம் பிரிவில் சொல்லுகிறது. 2013 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கு தொடுக்கும் முன்பே கணவன் மனைவியர் பேசித் தீர்க்கும் வசதியைச் சமரச மையங்கள் ஏற்படுத்தி, அதை மக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று கூறியது. தெரியப்படுத்தும் வேலை இன்னும் நம் தெருக்கள்வரை வந்து சேரவில்லை.

இனி பணத்தைப் பற்றி. நீதிமன்றம் அனுப்பிச் சமரச மையத்துக்குப் போகிறவர்கள் சமரசருக்குக் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அவருக்குரிய மதிப்பூதியம் அரசு நிதியிலிருந்து தரப்படுகிறது. ஆனால் அங்கே போய் உட்காரும் முன் நம் உரிமை என்ன என்று விளக்கிச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும், மனு எழுத வேண்டும், மனுக் கட்டணம் கட்ட வேண்டும். இங்கேதான் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உதவிக்கு வருகிறது. யாருக்கெல்லாம் இலவச சட்ட உதவி உண்டு என்பதை அதன் 12-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் அதில் உண்டு. இவர்களுக்கு வருமானக் கணக்கே கிடையாது. ஒரு பெண் மாதம் முப்பதாயிரம் சம்பாதித்தாலும், பெண் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு உரிமை உண்டு. "நான் வேலைக்குப் போகிறேன், எனக்குத் தரமாட்டார்கள்" என்று எண்ணி எத்தனையோ தாய்மார் கேட்காமலேயே இருந்துவிடுகிறார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது; நம் பகுதிக்காகவே எழுதப்பட்டதுபோல் தோன்றும். தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் இந்த உதவி உண்டு, அவருக்கும் வருமான வரம்பு கேட்கப்படுவதில்லை. மேலாளர் நிலையில் இருப்பவர் இதில் அடங்கமாட்டார். மிஷினில் நிற்கிறவருக்கு உண்டு. இதில் எதிலும் வராதவர்கள் ஆண்டு வருமானம் 3 இலட்ச ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆக, காக்களூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிற ஒரு கணவரும் அவர் மனைவியும் பிரிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவி பெண் என்பதால் தகுதி பெறுகிறார். கணவர் தொழிலாளி என்பதால் தகுதி பெறுகிறார். இருவருக்கும் தனித்தனியே வழக்கறிஞர், இருவருக்கும் செலவில்லை. ஒருவர் கடன் வாங்கி வழக்கறிஞர் வைத்திருக்க மற்றவர் வெறுங்கையோடு நிற்கிற நிலை வேண்டியதில்லை. ஒருவர் கை ஓங்கியிருக்கும் பேச்சுவார்த்தையில் நியாயமான உடன்பாடு பிறப்பது அரிது என்பதால் இதை அழுத்திச் சொல்லுகிறோம்.

இந்த உதவியில் வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு, மொழிபெயர்ப்பு, ஆவண நகல் ஆகியவையும் அடங்கும். வருமானத்தைக் காட்டி விண்ணப்பிப்பவர் தம் வருமானத்தைப் பற்றி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலே போதுமானதாக ஏற்கலாம் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. ஆணைக்குழு அமர்த்தித் தரும் வழக்கறிஞர் நம்மிடம் தனியே பணம் கேட்கக் கூடாது; கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் சொல்லலாம்.

வழக்கே தொடுக்காமல் போவதற்கும் வழி உண்டு. அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, இருவரில் ஒருவர் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்தால் போதும்; மற்றவருக்குத் தகவல் அனுப்பி மக்கள் நீதிமன்றத்தில் பேசவைப்பார்கள். பராமரிப்புத் தொகை, பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை போன்றவற்றில் அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது, அதன்மேல் மேல்முறையீடு இல்லை. மணவிலக்கை மட்டும் மக்கள் நீதிமன்றம் தராது. அங்கே கையெழுத்திடுமுன் நன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும், அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் கேட்க வேண்டும்.

இதற்கு மாறாக நம் பகுதியில் நடப்பது என்ன? கட்டப்பஞ்சாயத்து. கட்சிக்காரர் ஒருவர், கந்துவட்டிக்காரர் ஒருவர், 'ஏரியாவில் செல்வாக்குள்ளவர்' ஒருவர் உட்கார்ந்து பேசி, முத்திரைத் தாளில் எழுதி, இருவரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு "முடிந்தது" என்கிறார்கள். அந்தத் தாளால் கிறிஸ்தவத் திருமணம் முறிவதில்லை. பராமரிப்புப் பணம் நின்றுபோனால் அதை வைத்து வசூலிப்பதும் எளிதல்ல. இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுப் பணம் கொடுத்து வெறுந்தாளை வாங்குகிறோம் என்பது வேதனைக்குரியது.

இலவசம் என்றாலும் செலவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். பேருந்துக் கட்டணம் இருக்கிறது. அதைவிடப் பெரியது, போகிற நாளின் சம்பளம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போகும். அடிக்கடி போனால் வேலையே போகும். இதைச் சட்ட உதவி ஈடுசெய்வதில்லை. ஆகவே முதல் அமர்விலேயே ஷிப்ட் விவரத்தைச் சமரசரிடம் சொல்லி, இருவருக்கும் ஒத்துவரும் தேதியைக் கேட்டு வாங்குவது நல்லது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தவர்களுக்குத் திருவள்ளூர் வந்துபோவது பெரும்பாடு. இரண்டும் வேறு வேறு ரயில் பாதையில் இருக்கின்றன. அவர்கள் பொன்னேரி நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். அன்றாடக் கூலியை இழக்கிற ஏழைத் தாய் ஒருவருக்குப் பயணச் செலவும் மதிய உணவும் கொடுப்பது, நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு மிகவும் பொருத்தமான பணி என்று நாம் கருதுகிறோம். திருவிழா வாணவேடிக்கைக்கு ஆகும் தொகையில் சிறு பகுதி போதும்!

வெளிநாடுகளில் நம் உறவினர் இருக்கிறார்கள். அங்கே எப்படி என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் தனியார் சமரசரிடம் போக வேண்டியிருப்பதால் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்தவருக்கு அரசின் சட்ட உதவி அதை ஏற்றுக்கொள்கிறது. பிள்ளைகள் தொடர்பான தகராறுகளுக்காக 2021 மார்ச்சில் குடும்பம் ஒன்றுக்கு 500 பவுண்டு வரை அரசு உதவி தரும் திட்டம் ஒன்றும் அங்கே தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2006 முதல் குடும்ப உறவு மையங்கள் அரசு நிதியில் திறக்கப்பட்டன. வசதியுள்ள நாடுகளே பணத்தைச் செலவிட்டுச் செய்கிற ஒன்றை, நம் நாட்டுச் சட்டம் ஏழைக்கு உரிமையாகவே தந்திருக்கிறது.

இனி நம் விசுவாசம் சார்ந்த ஒரு தயக்கத்துக்கு வருவோம். "கோர்ட் வாசலை மிதித்தால் பாவம், நன்மை வாங்க முடியாது" என்று எண்ணி, பிரிந்து வாழும் பலர் திருப்பலிக்கே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இது தவறான எண்ணம். திருமணப் பிணைப்பு முறிக்க முடியாதது என்பது திருஅவையின் மாறாத போதனை. அதே திருஅவை, பிணைப்பு நிலைத்திருக்கத் தம்பதியர் பிரிந்து வாழ்வதைப் பற்றியும் தன் சட்டத்தில் பேசுகிறது. உடலுக்கோ ஆன்மாவுக்கோ, தமக்கோ பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணைவரை விட்டுப் பிரிய நியாயமான காரணம் உண்டு என்கிறது திருஅவைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் எண். பிரிந்தால் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்று அடுத்த எண்ணே கட்டளையிடுகிறது. ஆக, ஏற்பாடு எதுவுமின்றிப் பிரிவதுதான் திருஅவை ஏற்காதது. சட்ட உரிமைகளையும் பிள்ளைகளின் நலனையும் காக்க வேறு வழியே இல்லாதபோது, அரசுச் சட்டப்படியான மணவிலக்கைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று மறைக்கல்வி ஏடு (எண் 2383) கூறுகிறது. மறுமணம் செய்யாமல் பிரிந்து வாழ்பவருக்கு, அந்தப் பிரிவே நற்கருணையிலிருந்து விலக்கும் தடையாகாது. இதை 1981-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தெளிவுபடுத்திவிட்டார். மணவிலக்கு வேண்டாம், பிரிந்து வாழ மட்டும் ஆணை வேண்டும் என்பவர்களுக்கு, கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1869-ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டமே அதற்கு இடமளிக்கிறது. அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும் காலத்துக்கான பராமரிப்பையும் வழக்குச் செலவையும் கணவரிடமிருந்து மனைவி கேட்கலாம்.

கொரிந்தில் சகோதரர் சகோதரர்மேல் வழக்குத் தொடுத்தபோது, நடுவில் நின்று தீர்த்துவைக்க உங்களுள் ஞானமுள்ள ஒருவர்கூட இல்லையா என்று பவுலடியார் கேட்டார் (1 கொரி 6:5). அந்தக் கேள்வியைப் பங்குத்தந்தையரும் அன்பியப் பொறுப்பாளரும் தம்மைப் பார்த்துக் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எல்லாவற்றையும் பங்கு அலுவலகத்திலேயே முடித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மேசைக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார் உட்கார்ந்திருக்கும்போது நம் பெண்கள் மனம்விட்டு "இல்லை" என்று சொல்வதில்லை; தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். இருவரையும் அறியாத, இருவருக்கும் வேண்டாதவராக இல்லாத ஒரு நடுவர் முன்னால் பேச்சு வேறு விதமாக வரும். ஆலோசனையும் செபமும் நம்மிடம் இருக்கட்டும். உடன்பாட்டை எழுதும் வேலை அங்கே நடக்கட்டும்.

திருஅவையின் திருமண நீதிமன்றத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஆராயப்படுவது, திருமணம் தொடக்கத்திலேயே செல்லத்தக்கதாக இருந்ததா என்பது. அதன் தீர்ப்பு அரசுச் சட்டப்படி மணவிலக்கு ஆகாது என்று உச்சநீதிமன்றம் 1996-இல் கூறியது. 2017-இலும் அதே நிலைப்பாட்டை எடுத்தது. அந்த நடைமுறை இயன்றவரை கட்டணமின்றி அமைய வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விரும்பிக் கேட்டுக்கொண்டார்.

அடி உதை நடக்கிற வீட்டுக்குச் சமரசத்தைப் பரிந்துரைக்கும் முன் நிதானிக்க வேண்டும். பயந்து நடுங்குகிறவரை எதிரில் உட்காரவைத்து உடன்பாடு பேச முடியாது. முதலில் பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181, 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நியமிக்கப்பட்டுள்ள பாதுகாப்பு அலுவலர் ஆகியோரை நாடலாம். அந்த அலுவலரே சட்ட உதவிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். "பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்புவது மேய்ப்புப்பணி ஆகாது.

சமரச உடன்பாட்டில் என்னவெல்லாம் எழுதலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நீதிபதியின் ஆணையில் அடங்காத நுணுக்கங்கள் இங்கேதான் இடம் பெறும். 'ஞாயிறுதோறும் காலை பத்து முதல் மாலை ஐந்துவரை தந்தை பார்க்கலாம்' என்று ஆணை வந்தால், வார விடுமுறை புதன்கிழமை வருகிற தொழிலாளி என்ன செய்வார்? சமரசத்தில், தந்தைக்கு எந்த நாள் ஓய்வோ அந்த நாள் மாலை என்று எழுதிக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் ஓராண்டு இவரிடம், மறு ஆண்டு அவரிடம். உயிர்ப்பு விழா அதற்கு மாறாக. பள்ளிக் கட்டணம் ஜூன் மாதத்துக்குள் நேராகப் பள்ளிக்கே. போனஸ் வரும் மாதத்தில் கூடுதலாக எவ்வளவு. புதுநன்மை நாளன்று இருவரும் கோவிலுக்கு வருவது, அன்று யாரும் யாரையும் ஒன்றும் சொல்லாமலிருப்பது. இரவு எட்டு மணிக்குப் பிள்ளையோடு கைப்பேசியில் பேச விடுவது. மறைக்கல்வி வகுப்புக்கு யார் கூட்டிவருவது. பிள்ளையைப் பணயப் பொருளாக வைக்கக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டின் 'அன்பின் மகிழ்வு' ஏட்டில் பிரிந்த பெற்றோரிடம் மன்றாடுவதும் இந்தச் சிறிய விவரங்களைத் தொட்டுத்தான்.

அணுக வேண்டிய இடம், திருவள்ளூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. தேசிய அளவிலான இலவச உதவி எண் 15100-க்கும் பேசலாம். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கம்பெனி அடையாள அட்டை அல்லது ஈ.எஸ்.ஐ. அட்டை, கைக்குக் கிடைத்த சம்பளச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். திருமணச் சான்றிதழ் தேவைப்படுவோர் தங்கள் திருமணம் நடந்த பங்கின் அலுவலகத்தில் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துத் தருவார்கள். எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை.